பிள்ளைகளோடு வெளியே போக: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நாகர்கோவிலில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. சனி, ஞாயிறு வந்தால் தெருப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவது பல வருடப் பழக்கம். அதனால் சென்னையில் இருக்கும் நாத்தனார், பெங்களூரில் இருக்கும் தோழி, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். கேட்பவர்கள் வேறு வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

நாகர்கோவில்ல பிள்ளைகளக் கூட்டிட்டுப் போக நல்ல பார்க்கு ஒண்ணு கூட இல்லையே அக்கா?

நகருக்குள் வேப்பமூடு பூங்கா இருக்கிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகள் ஓடியாட அது போதும். ஆனால் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிற மாதிரி ஏக்கர் கணக்கில் புல்தரை, நடைபாதை, ஏரிக்கரை எல்லாம் சேர்ந்த பெரிய பூங்காவைத் தேடினால் இங்கே கிடைக்காது. அந்தக் குறையைச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கடல், ஆறு, மலை, குளம் நாலையும் தொட்டுவிடக்கூடிய ஊர் வேறு எது? நமக்கு அந்த வெளிதான் பூங்கா.

பூங்கா என்று பெயர் இருந்தால்தான் சரி என்பவர்களுக்கு முதலில் நான் சொல்வது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. திருவனந்தபுரம் சாலையிலேயே இருக்கிறது. கோட்டைச் சுவருக்குள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பெரிய மரங்கள், நல்ல நிழல், வண்டி வராத பாதை. பிள்ளையின் கையை விட்டுவிட்டு நிம்மதியாகப் பின்னால் நடக்கலாம். உள்ளே டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி அவர். பிறகு அதே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியாகவும் ஆனார். "எதிரியா வந்தவரு எப்பிடி நம்ம ஆளா ஆனாரு?" என்று என் மகள் அந்தக் கல்லறை முன்னால் நின்று கேட்டாள். அன்றைக்கு வீடு வரும்வரை அதே பேச்சுதான். கன்னியாகுமரியில் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவும் உண்டு. கடல் வெயிலில் அலுத்துப்போன பிள்ளைகளுக்கு அது நல்ல ஒதுங்குமிடம்.

கைக்குழந்தைய வச்சிக்கிட்டு எங்க போக? ஒரு வயசு ஆகட்டும்னு பாக்கேன்.

ஒரு வயது வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டாம். குழந்தையைவிட அம்மாவுக்குத்தான் வெளிக்காற்று அதிகம் தேவைப்படுகிற காலம் அது. காலை ஏழு மணிக்கு முன்னால் சொத்தவிளைக் கடற்கரை, இல்லையென்றால் பக்கத்துக் குளத்தங்கரை. அரை மணி நேரம் போதும். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே குழந்தை தென்னை ஓலை அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கடற்கரைக் காற்றில் மணல் பறக்கும், அதனால் காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். கூட்டமான இடங்கள், படகு, அருவி மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பால் கொடுக்க இடம் வேண்டுமென்றால் பெரிய பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்கான அறை இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் நல்லது? எத்தன மணிக்குக் கிளம்பணும்?

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. மழை என்று பயந்தால் பாதி வருடம் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். ஜூன், ஜூலைச் சாரலில் மலைப்பக்கம் பச்சையாக இருக்கும், ஆனால் கடல் கொந்தளிக்கும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை எல்லாவற்றுக்கும் நல்லது. அப்போது கன்னியாகுமரியில் சூரியன் கடலில் உதித்து கடலிலேயே மறைவதையும் பார்க்கலாம். ஆனால் ஐயப்ப பக்தர்கள் வரும் நேரமும் அதுதான், கூட்டம் நெரியும். மார்ச் பிறந்துவிட்டால் வெயிலோடுதான் போராட்டம்.

நேரம் மாதத்தைவிட முக்கியம். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, பத்தரைக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். இல்லையென்றால் மாலை நாலு மணிக்குப் பிறகு. நடுப்பகலில் பிள்ளைகளைக் கல்லும் மணலுமாக இருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டு, "எதுக்கெடுத்தாலும் அழுது" என்று அதன் மேல் குற்றம் சொல்வது நியாயமில்லை.

மூணு நாள் லீவுல வாறோம். கன்னியாகுமரி, திற்பரப்பு, தொட்டிப்பாலம், அரண்மனை எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிரலாமா?

முடிக்கலாம். வேனில் வருகிற சுற்றுலாக்காரர்கள் முடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த நாளில் நினைவிருப்பது வேனின் இருக்கையும் வாந்தியும்தான். ஒரு வேளைக்கு ஓரிடம் என்பதுதான் என் கணக்கு. காலையில் ஒன்று, மதியம் சாப்பாடும் தூக்கமும், மாலையில் மனமிருந்தால் பக்கத்திலேயே இன்னொன்று.

திசை பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கிழக்கே கன்னியாகுமரி, வட்டக்கோட்டை, சுசீந்திரம் ஒரு நாள். மேற்கே பத்மநாபபுரம் அரண்மனையும் உதயகிரியும் ஒரு நாள். வடமேற்கே திற்பரப்பு அருவியும் மாத்தூர் தொட்டிப்பாலமும் ஒரு நாள். நாலு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் ஒவ்வொரு நாளிலும் ஒன்றை வெட்டிவிடுங்கள். என்னிடம் கேட்டால் வட்டக்கோட்டையை மட்டும் வெட்ட வேண்டாம் என்பேன். கடலை ஒட்டிய கோட்டை, மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலைத்தொடர். கீழே கரையில் மணல் கறுப்பாக இருக்கும். அலை வந்து போகிற இடத்தில் குனிந்து பார்த்தால் கறுப்பு, செம்பழுப்பு, வெளிர்நிறம் என்று வரிவரியாகப் பிரிந்து கிடக்கும். கனமான கனிம மணல் அங்கேயே தங்கிவிடும், லேசானதை அலை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அந்த வரிகள். என் மகன் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அந்த வரிகளைக் கலைத்துவிடுவதும், அடுத்த அலை திரும்ப வரி போடுவதைப் பார்ப்பதுமாக முக்கால் மணி நேரம் இருந்தான்.

கன்னியாகுமரியில படகு வரிசையில பிள்ளைய எப்பிடி நிக்க வைக்க? கண்ணாடிப் பாலத்துல பயப்படுமா?

விடுமுறை நாட்களில் வரிசை மிக நீளம். காலையில் முதல் படகுகளுக்கே போய் நின்றுவிடுங்கள், அல்லது வார நாளில் போங்கள். இரண்டும் முடியாவிட்டால் அன்றைக்குப் படகை விட்டுவிட்டு, காந்தி மண்டபத்துப் பக்கம் கரையிலிருந்தே விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் காட்டுங்கள். கடல் சீற்றமாக இருந்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்திவிடுவார்கள். ஆகவே "இன்னைக்குக் கண்டிப்பா படகுல போவோம்" என்று பிள்ளையிடம் சத்தியம் செய்ய வேண்டாம். படகில் கொடுக்கும் உயிர்காக்கும் கவச உடையின் கயிறுகளை நீங்களே இழுத்துக் கட்டுங்கள். பெரியவர்களுக்கான அளவு சின்னப் பிள்ளையின் தலை வழியாகக் கழன்றுவிடும்.

விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சில பிள்ளைகள் குதிப்பார்கள், சில பிள்ளைகள் அம்மா இடுப்பை விட்டு இறங்க மாட்டார்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். ஓரத்தோடு நடந்தால் பெரும்பாலான பிள்ளைகள் பாதி தூரத்தில் கீழே பார்க்கத் துணிந்துவிடுவார்கள். சிலைக்கு முன்னால் நிற்கும்போது சொல்ல ஒரு கணக்கு: பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்தால் 95 அதிகாரங்கள். மொத்தம் 133. திருக்குறள் படிக்கிற வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கடல்ல குளிக்கலாமா? எல்லாரும் குளிக்கத்தான செய்யாங்க?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் வளைந்து கொடுப்பதில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தக் கடலில் குளிக்க வேண்டாம். கால் நனைக்கலாம், அதுவும் முட்டளவுக்குக் கீழே, பெரியவர் ஒருவர் கையைப் பிடித்திருக்கும்போது. நம் கரை பல இடங்களில் சட்டென்று ஆழமாகும். அலை காலடி மணலை அரித்துக்கொண்டே போகும். நிற்கிற இடத்திலேயே பிள்ளை சாய்ந்துவிடும்.

கள்ளக்கடல் என்ற சொல்லை மீனவ மக்களிடம் கேட்டுப் பாருங்கள். காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் திடீரென்று பொங்கி ஏறும். எங்கோ தெற்கே பெருங்கடலில் வீசிய புயல்காற்று கிளப்பிய அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் காரணம். திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்துப்போய் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். வளர்ந்தவர்கள், படித்தவர்கள். அந்தக் கரையில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையம் இன்காய்ஸ் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. செய்தியில் "கள்ளக்கடல் எச்சரிக்கை" என்று வந்தால் அன்றைக்குக் கடற்கரைத் திட்டமே வேண்டாம். மலைப்பக்கம் போய்க்கொள்ளலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்கும், நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். பார்ப்பவர்களுக்கு அதுதான் பத்திரமான இடம் போலத் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி அதுதான், ஆளை உள்ளே இழுத்துவிடும். அதில் மாட்டியவர் கரையை நோக்கி நீந்தினால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித்தான் வெளியே வர முடியும்.

அப்ப எந்த பீச்சுக்குத்தான் போக?

மணலில் விளையாட என்றால் சொத்தவிளை. நீளமான கரை, தண்ணீரிலிருந்து தள்ளி உட்கார இடம் உண்டு. பெரியவர்கள் தண்ணீருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் உட்காருங்கள், பின்னால் உட்காராதீர்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதி ஆபத்து குறையும். சங்குத்துறையும் அதே மாதிரிதான்.

முட்டம் பார்க்க அழகு. கலங்கரை விளக்கமும் பாறைகளும் அந்தி வெளிச்சமும் மறக்க முடியாதவை. ஆனால் பாசி படிந்த பாறையில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். படம் எடுக்கக்கூட வேண்டாம். மேலே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்துப் பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல். தண்ணீரில் இறங்காமலே பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

மீன்பிடிக் கிராமத்துக் கரைக்கு சும்மா போய்ப் பாக்கலாமா? ஏதும் நெனச்சிப்பாங்களா?

போகலாம். பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். ஆனால் அது அந்த மக்கள் வேலை செய்யும் இடம். விரித்துப் போட்டிருக்கும் வலையை மிதிக்கக் கூடாது, வள்ளத்தின் மேல் ஏறக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இதை வண்டியில் வரும்போதே சொல்லிவிடுங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் கரமடி இழுப்பதைப் பார்க்கலாம். வலையின் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு வரிசையாக ஆட்கள் இழுப்பார்கள். ஒரு முறை ஒரு பெரியவர் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, "மக்களே, நீங்களும் ஒரு கை பிடியுங்க" என்றார். ஈரக்கயிறு உள்ளங்கையைச் சிவக்க வைத்துவிட்டது. கடைசியில் மீன் நிறைந்த வலை கரைக்கு வந்தபோது துள்ளிய சாளையையும் நெத்திலியையும் பார்த்து என் மகன் கை வலியையே மறந்துவிட்டான். ஒரு கை சாளை கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டில் மீன் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

திற்பரப்புல சின்னப் பிள்ளையக் குளிக்க வைக்கலாமா?

தண்ணீர் அளவாக விழும் நாளில், ஓரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு தலை நனைக்கலாம். நேரே விழும் தண்ணீருக்குக் கீழே சின்னப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். அந்த அடியைத் தாங்காது, மூச்சுத் திணறும். பிள்ளைகள் குளிக்கத் தனியாக ஒரு சிறு குளம் அங்கே உண்டு, சின்னவர்களுக்கு அது போதும். மழை பெய்து கோதையாற்றில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். தடை போட்ட நாளில் காவலரிடம் வாதாடாதீர்கள். ஊரில் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்திருந்தால் தண்ணீர் நிமிடத்தில் ஏறும். அருவிக்கு மேலே தடுப்பணைப் பக்கம் படகு விடுகிறார்கள். குளிக்க முடியாத நாளில் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த அது உதவும்.

மாற்றுத் துணி இரண்டு செட், பெரிய துண்டு, வழுக்காத செருப்பு. இவை இல்லாமல் போக வேண்டாம்.

தொட்டிப்பாலத்துல பாதி வழியில பிள்ளை பயந்துட்டா என்ன செய்ய?

எங்களுக்கே நடந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. மாத்தூர் பாலம் பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரம், 28 தூண்கள். 1960-களில் காமராஜர் காலத்துத் திட்டத்தில் பாசனத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. நடுவில் போனதும் அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. தூக்கப் போனால் கத்தல். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எட்டிப் பார்த்து, "அம்மா, தென்னைமரத்த மேல இருந்து பாத்தா நட்சத்திரம் மாதிரி இருக்கு" என்றாள். பிறகு எழுந்து நடந்தாள்.

எல்லாப் பிள்ளையும் எழுந்து நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நடக்காவிட்டால் திரும்பிவிடுங்கள். படி இறங்கி ஆற்றங்கரைக்குப் போய்க் கீழிருந்து தூண்களை அண்ணாந்து பார்க்கலாம். அங்கே ஊஞ்சலும் சறுக்கும் உண்டு. மேலே நடக்கும்போது தோளில் தூக்கிவைத்துக்கொள்ள மட்டும் வேண்டாம்.

எங்ககிட்ட கார் இல்ல. பஸ்ஸுல பிள்ளைகளோட போக முடியுமா?

நாங்கள் பெரும்பாலும் பஸ்ஸில்தான் போகிறோம். கன்னியாகுமரி, கடற்கரைப் பக்கத்து ஊர்களுக்கு நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையத்தில் ஏறலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்து எதிலும் டிக்கெட் கிடையாது. ஆகச் செலவு தின்பண்டத்துக்குத்தான். திற்பரப்புக்குக் குலசேகரம் போய் மாறிக்கொள்ளலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள்.

சாப்பாடு கொண்டு போகணுமா, அங்க வாங்கிக்கலாமா?

காலைக்கு வீட்டிலிருந்து இட்லியில் பொடி தடவி எடுத்துக்கொண்டால் போதும், கெடாது. பிள்ளைகளுக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் ஊர்ப் பழம், கைக்குழந்தைக்கும் மசித்துக் கொடுக்கலாம். வழியில் கிடைப்பதை விட்டுவிடாதீர்கள்: கோடையில் நுங்கு, காலையில் இறக்கிய அக்கானி (பதநீர்), மழைக்காலத்தில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்தது, சீசனில் அயனிச்சக்கை என்கிற சின்னப் பலா மாதிரிப் பழம். நகரத்திலிருந்து வரும் பிள்ளைகள் நுங்கை விரலால் குத்தி உறிஞ்சக் கற்றுக்கொள்ளும்போது சட்டை நனையும். நனையட்டும். அக்கானி வெயில் ஏற ஏறப் புளித்துவிடும், ஆகவே பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம்.

கழிப்பறை பற்றித் தனியாகக் கேட்பவர்களுக்கு: வீட்டை விட்டுக் கிளம்பும் முன், சாப்பிடும் கடையில், பெட்ரோல் பங்கில், கிடைத்த இடத்திலெல்லாம் போக வைத்துவிடுங்கள். பிள்ளை "வருது" என்று சொல்லும்வரை காத்திருந்தால் அந்த இடத்தில் இருக்காது.

பறவை பாக்கக் கூட்டிட்டுப் போனா பிள்ளைகளுக்கு என்ன தெரியப் போகுது?

பெயர் தெரிய வேண்டியதே இல்லை. சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் 2022-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டவை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை ஏழு மணிக்குக் கரையில் நின்றால் போதும். கூழைக்கடா வந்து இறங்கும்போது தண்ணீரில் கால் ஊன்றிச் சறுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. நீர்க்காகம் ஏன் சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பார்கள். முங்கி மீன் பிடிக்கும் பறவை, அதன் இறகு நனையும், அதனால் வெயிலில் காய வைக்கிறது. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும். அதை என் மகள்தான் எனக்குக் காட்டினாள்.

புத்தளம் உப்பளத்துப் பக்கம் சில வருடங்களில் பூநாரையும் வரும். வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே போய்விடுங்கள்.

அரண்மனையில பிள்ளைகளுக்குப் போர் அடிக்காதா?

விளக்கம் சொல்லிக்கொண்டே போனால் அடிக்கும். வேலை கொடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை நுழைவு மண்டபத்தின் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை என்பார்கள். "ஒரே மாதிரி ரெண்டு பூ கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள். கழுத்து வலிக்கும்வரை பார்ப்பார்கள். பிறகு கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரை, ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக் கூடம், பெரிய சீன ஜாடிகள், மணிமேடைக் கடிகாரம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏணி மாதிரி செங்குத்தான படிகள் உண்டு, முட்டுவலி உள்ள பாட்டாவையும் ஆச்சியையும் வெளியே முற்றத்தில் உட்கார வைத்துவிடுங்கள். இருப்பது நம் மாவட்டம், நிர்வாகம் கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை.

சிதறால் மலையும் இதே மாதிரிதான். 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டு, ஏறக் கல் பாவிய பாதை. எழுத்துக் கற்றுக்கொள்ளும் வயதுப் பிள்ளையிடம் "இதுவும் தமிழ் எழுதின எழுத்துதான், வாசி பாப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.

காளிகேசம் காட்டுக்குள்ள பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறது சரியா?

வனத்துறை அனுமதிக்கும் இடம்வரை, அனுமதிக்கும் நேரத்தில் போகலாம். யானை நடமாட்டமோ கனமழையோ இருந்தால் விட மாட்டார்கள். ஓடைத் தண்ணீர் சில்லென்று, அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். திற்பரப்புக்குச் சொன்ன வெள்ள எச்சரிக்கை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். தண்ணீர் கலங்கினாலோ சருகு நிறைய மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். பிய்த்து இழுக்காமல் உப்பு வைத்தால் விழுந்துவிடும். தின்பண்ட உறைகளைத் திரும்ப எடுத்து வரப் பிள்ளையின் கையிலேயே ஒரு துணிப்பை கொடுங்கள்.

திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்கு ஒரே நாள்ல போயிட்டு வரலாமா?

வரலாம். நமக்குப் பக்கத்துப் பெருநகரம் அதுதான். காலை ரயிலில் போனால் பத்து மணிக்கு முன்னால் உள்ளே போய்விடலாம். 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மிருகக்காட்சி சாலை. மேடு பள்ளமான நிலம், பெரிய பெரிய மரங்கள். கூண்டுகளை வேகமாக முடித்துவிட்டு மர நிழலில் நேரம் செலவிடுங்கள். பக்கத்திலேயே நேப்பியர் அருங்காட்சியகமும் தோட்டமும் உண்டு. அங்கேயும் திங்கட்கிழமை விடுமுறைதான், ஆகவே திங்களன்று லீவு கிடைத்தால் அரண்மனை, மிருகக்காட்சி சாலை இரண்டையும் விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். ஒரு வேளைக்கு ஓரிடம் என்ற கணக்கு பெருநகரத்தில் இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். மிருகக்காட்சி சாலை முடித்துக் கடைத்தெரு, அப்புறம் கடற்கரை என்று சேர்த்தால் ரயிலில் திரும்பும்போது தெரியும்.

கூட்டத்துல பிள்ளை காணாமப் போனா?

முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடிப் பாருங்கள், பிறகுதான் கடைகள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எங்கள் மகன் ஒரு மே மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் கைவிட்டுப் போனான். பலூன்காரர் பக்கத்தில் நின்றான். அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்கும்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது: கிளம்பும்போது அன்றைய உடையோடு பிள்ளையை ஒரு படம் எடுத்துக்கொள்வோம். போலீஸிடம் காட்ட அதுதான் உதவும். கையில் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுவோம். காணாமல் போனால் நடக்காதே, நின்ற இடத்திலேயே நில், பிள்ளையோடு வந்திருக்கிற ஓர் அம்மாவிடம் சொல் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவோம். கடலோரப் பாதுகாப்புக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108, பிள்ளைகள் உதவிக்கு 1098. போனில் பதிந்து வையுங்கள்.

பன்னெண்டு வயசுப் பையன் எங்கயும் வர மாட்டேங்கான். போனையே பாத்துக்கிட்டு இருக்கான்.

அந்த வயதுக்கு ஊஞ்சலும் மணல்வீடும் போதாது. பொறுப்பு கொடுத்தால் வருவான். பஸ் நேரம் பார்ப்பது, செலவுக் கணக்கு, வழி கண்டுபிடிப்பது எல்லாம் அவன் வேலை. ஒரு நண்பனையும் கூட்டிக்கொள்ளுங்கள். மருந்துவாழ்மலை ஏற்றம், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே சைக்கிள், விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தை என்று உடம்பும் கண்ணும் வேலை செய்கிற இடங்களாகப் பாருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சண்டை போட வேண்டாம். என் அக்கா மகன் அந்தப் போனில்தான் தோவாளையில் பிச்சிப்பூக் குவியலைப் படம் எடுத்து, பூ விற்கும் பாட்டியிடம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

நீச்சல் கற்றுக்கொள்ளவும் அந்த வயது நல்லது. இன்னும் முன்னாலேயே தொடங்கினால் மேலும் நல்லது. எங்கள் பாட்டா இரண்டு நெற்றுத் தேங்காயைச் சேர்த்துக் கட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்துத்தான் குளத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இப்போது பயிற்சியாளர் இருக்கிற நீச்சல் குளத்தில் சேர்த்துவிடலாம். ஆனால் நீச்சல் தெரியும் என்பதால் கடலைப் பற்றி மேலே சொன்னதில் ஒரு வரியும் மாறாது.

கிளம்புற நேரத்துல வர மாட்டேன்னு மண்ணுல உருண்டு அழுதா?

திடீரென்று "வா, போகலாம்" என்றால் நாலு வயதுக்கு அது அநியாயமாகத்தான் தெரியும். இருபது நிமிடம் முன்னால் ஒரு தடவை, ஐந்து நிமிடம் முன்னால் ஒரு தடவை சொல்லுங்கள். பிறகு கடைசியாக என்ன செய்யலாம் என்று அதனிடமே கேளுங்கள். என் மகன் எப்போதும் மூன்று அலைக்குக் கையசைப்பான். நாலாவது அலை பெரிதாக வந்துவிட்டால் அதற்கும் சேர்த்து அசைப்பான், அதையும் விடுவோம். அப்புறம் சட்டைப்பையில் இருக்கிற சிப்பியை எண்ணச் சொல்லி, எண்ணிக்கொண்டிருக்கும்போதே வண்டியில் ஏற்றிவிடுவோம்.